மாதிரி வீடு

சோதனைத் திடல்
ஜூன் 3

அன்புள்ள ஓட்டுநரம்மாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வாசலிலேயே கைபேசியை வாங்கி ஒரு பையில் போட்டு முத்திரை வைத்துவிட்டார்கள். கோபித்துக்கொள்ளாதே. இங்கே காற்றில் போகிற அலைகளை அளப்பதுதான் வேலை. நடுவில் யாருடைய கைபேசியாவது சிணுங்கினால் அன்றைய உழைப்பு அத்தனையும் பாழ். அதனால் கல்யாணத்துக்கு முன்பு நாம் செய்யாமல் விட்ட காரியத்தை இப்போது செய்யப் போகிறோம். கடிதம் எழுதிக்கொள்ளப் போகிறோம். அதையும் இங்கே அலுவலகத்தில் ஒருவர் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார், வருகிறதையும் படித்துவிட்டுத்தான் தருவார். ஆகாததைக் கறுப்பு மையால் அடித்துவிடுவாராம். ஐயா, வணக்கம். நல்ல பிள்ளையாக எழுதப் பார்க்கிறேன்.

எனக்குக் கொடுத்திருக்கிற அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, கிழக்கே ஒரு ஜன்னல். திரை கிடையாது. காலை வெயில் நேராக முகத்தில் அறைகிறது. நம் பழைய படகுத் திரையை, நீ இஸ்திரிப் பெட்டியால் சுட்டுவிட்டு வேறு துணியில் ஒட்டுப் போட்டாயே, அதை இன்னும் தூக்கிப் போடவில்லை என்றால் அனுப்பிவை.

இன்னொரு உதவி. அடுத்த கடிதத்தில் வீட்டை எழுது. சமையலறையில் எது எங்கே நிற்கிறது, எந்தக் கம்பி எந்தப் பிளக்குக்குப் போகிறது, எல்லாம். இத்தனை வருஷம் இருந்த வீடு, ஃப்ரிட்ஜ் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நம் வாண்டிடம் சொல். நவம்பர் கடைசியில் ஆஸ்பத்திரியில் அவளுடைய இரண்டாவது செயற்கைக் காதை இயக்கிவைக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன். அந்தக் காது கேட்கிற முதல் குரல் என்னுடையதுதான். முதல் காதுக்கு நீ முந்திக்கொண்டாய், இந்தத் தடவை விட மாட்டேன். இங்கே வேலை முடிந்து அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டால் நவம்பர் நடுவில் அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஜன்னலுக்குத் திரையில்லாதவன்


வீடு
ஜூன் 14

அன்புள்ள விஞ்ஞானிக்கும், நடுவில் படிக்கிற ஐயாவுக்கும்,

ஃப்ரிட்ஜ் எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாதவரை நம்பி எப்படித்தான் இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்தார்களோ. எழுதிக்கொள்ளுங்கள்.

ஃப்ரிட்ஜ், ஜன்னலை ஒட்டி. பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்துப் பிளக்கில் பொறி பறக்கிறது என்று நான் கத்திய பிறகு நீங்கள்தான் அங்கே நகர்த்தினீர்கள். கதவு இடப்பக்கம் திறந்து சுவரில் இடிக்கும். இடித்து இடித்துச் சுவரில் ஒரு குழியே விழுந்திருக்கிறது. அதன் தலைமேல் ரேடியோ. ரேடியோவின் கம்பி மிக்சிக்குப் பின்னால் தொங்கி, ஜன்னல் விளிம்பில் ஊர்ந்து, நீங்கள் நாளைக்குச் சரி செய்கிறேன் என்று சொல்லி ஒட்டிய டேப்போடு அப்படியே இருக்கிறது. கடிகாரம் கதவுக்கு மேல், எப்போதும் கொஞ்சம் முந்தியே ஓடும். நான் பஸ் டிப்போவுக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கக் கூடாது என்று நீங்கள் செய்த ஏற்பாடு. எனக்கு அது முந்தி ஓடுவது தெரியும் என்பதால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

டிவிக்குக் கீழே நீளப் பிளக் பலகை. அதில்தான் வாண்டின் காதுக்குச் சார்ஜ் ஏற்றுகிற சின்னப் பெட்டி. படுக்கப் போகும்போது காதைக் கழற்றி அதில் வைத்து, பச்சை விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்து, "குட் நைட் காது" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள்.

பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிறாள். ஆனால் ஒரு காது ஒரு காதுதானே. கூப்பிட்டால் கேட்கிறது, எங்கிருந்து என்று தெரிவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் அவளுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றினாள். மரத்தைப் பார்த்தாள், ஊஞ்சலைப் பார்த்தாள், யாரோ ஒரு அம்மாவைப் பார்த்தாள். கடைசியில் என்னைக் கண்டுபிடித்ததும் சிரித்தாள். இரண்டாவது காது வந்தால் மெல்ல மெல்லத் திசை பிடிபடும் என்று காது டாக்டரம்மா சொல்கிறார். நீங்கள் அவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டே நான் பார்த்ததில்லை. எப்போதும் முன்னால் வந்து, குனிந்து, பிறகுதான் பேசுவீர்கள். அதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

என் பஸ்ஸை வேறு யாராவது ஓட்டியிருந்தால் உட்கார்ந்த உடனே தெரிந்துவிடும். இருக்கை சற்றுத் தள்ளியிருக்கும், கண்ணாடியில் என் சாலைக்குப் பதில் வேறு யாருடைய சாலையோ தெரியும். வீடு இப்போது அப்படித்தான் இருக்கிறது. ஒரு சாமான்கூட நகரவில்லை, ஆனாலும் சரியாக உட்கார முடியவில்லை.

திரையை அனுப்பியிருக்கிறேன். துவைத்துத்தான்.

இப்படிக்கு,
உங்கள் ஓட்டுநரம்மா


சோதனைத் திடல்
ஜூலை 9

அன்புள்ளவளே,

திரை வந்தது. பிரித்தவுடன் அலமாரி வாசனை. கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நடுவில் படிக்கிற ஐயா சிரிப்பார்.

பக்கத்துக் கொட்டகையில் லேசர்க்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எங்களுக்கு வயிற்றெரிச்சல். அவர்கள் சுட்டால் தகட்டில் ஓட்டை விழுகிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடமெல்லாம் காட்டி வருகிறார்கள். ஆனால் மேகம் வந்தாலும் புழுதி கிளம்பினாலும் அவர்கள் பிழைப்பு படுத்துவிடும், சீட்டுக்கட்டை எடுத்துவிடுவார்கள். நாங்களோ ■■■■■■ ■■■■ ■■■■■■■. எங்கள் வேலையில் ஓட்டை இல்லை, கரி இல்லை, சத்தமும் இல்லை. பொருள் பார்க்க அப்படியே இருக்கும். காட்டிப் பெருமைப்பட ஒன்றும் கிடையாது.

எனக்கு ஒரு குறையும் இல்லை. மதியச் சாப்பாட்டைத் தனியாக ஓர் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், அமைதியாக இருக்கிறது. நேற்று மட்டும் மனசு சரியில்லை. நம் ஃப்ரிட்ஜ் போய்விட்டது, ஒரே அடியில். கடிகாரமும் நின்றுவிட்டது. டிவிதான் பிடிவாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு உன் குணம்.

அந்த மிக்சி சுவரைப் பார்த்து இருக்கிறதா, ஜன்னலைப் பார்த்தா? எழுது. வாண்டின் காலணி அளவு மாறியிருந்தால் அதையும் எழுது.

இப்படிக்கு,
நான்தான்


வீடு
ஜூலை 18

அன்புள்ளவருக்கு,

நம் ஃப்ரிட்ஜ் போகவில்லை. இதோ எனக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் போய்த் திறந்துகூடப் பார்த்தேன். பால் குளிர்ச்சியாக இருக்கிறது. கடிகாரமும் வழக்கம் போல முந்திக்கொண்டு ஓடுகிறது.

அப்படியானால் எந்த ஃப்ரிட்ஜ்? "நம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் இல்லாமல் வாண்டும் இல்லாமல் அது என்ன "நம்"? தனியாக ஓர் இடத்தில் சாப்பிடுகிறேன் என்று வேறு ஒரு வரி. எனக்குச் சந்தேகப் புத்தி கிடையாது, உங்களுக்கே தெரியும். உங்கள் மூஞ்சிக்கு யாரும் இன்னொரு வீடு பார்த்துத் தர மாட்டார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் கேட்கிறேன், யாருடைய ஃப்ரிட்ஜ் அது?

மிக்சி ஜன்னலைப் பார்த்து இருக்கிறது. அது எதற்கு உங்களுக்கு?

இப்படிக்கு,
ஓட்டுநர்
(அம்மா இல்லை, ஓட்டுநர் மட்டும்)


சோதனைத் திடல்
ஆகஸ்ட் 2

அன்பே,

நீ நினைப்பது போல் ஒன்றும் இல்லை. கை தவறி எழுதிவிட்டேன். அது ■■■■■■■ ■■■■ ■■■■■■ ■■■■■■■ ■■■. நான் ■■■■■■■ ■■■■■ ■■■■■■■■■■ ■■■■ ■■■■■■ என்பதால்தான் உன்னிடம் கேட்டேன். ■■■■ ■■■■■■■■ ■■■■■■■.

இது எப்படியும் உன்னிடம் கறுப்பாகத்தான் வந்து சேரும். ஐயா என்னைக் கூப்பிட்டு, போன கடிதத்தில் ஃப்ரிட்ஜ் விஷயத்தை வீட்டுச் சமாச்சாரம் என்று நினைத்து விட்டுவிட்டதாகவும், அதற்காக மேலிடத்தில் அவருக்குக் கிடைத்தது போதும் என்றும் சொன்னார். பாவம், அவர்மேல் தப்பில்லை.

வாண்டுக்கு முத்தம். எனக்காகப் பொறுத்துக்கொள்.


வீடு
ஆகஸ்ட் 25

வணக்கம்.

போன வாரம் கடைசி நிறுத்தத்தில் வண்டி நின்றபோது நடத்துநர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ஒரு படம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணலைக் கற்றையால் எதிரியின் கருவிகளைச் செயலிழக்கச் செய்யும் ஆயுதமாம், சோதனை வெற்றிகரமாக நடக்கிறதாம். பரிசோதனைக்காகக் கட்டிய மாதிரி வீடு என்று கீழே போட்டிருந்தது. "உள்ளே இருக்கும் ஆட்களுக்கு ஒன்றும் ஆகாது, கருவிகள் மட்டுமே நின்றுபோகும்" என்று உங்கள் திட்ட இயக்குநர் சொல்லியிருக்கிறார்.

மாதிரி வீட்டின் ஜன்னலில் படகுத் திரை. அதில் நான் போட்ட ஒட்டு.

நடத்துநரிடம் தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். ஜன்னலை ஒட்டி ஃப்ரிட்ஜ். மேலே ரேடியோ. ரேடியோவின் கம்பி ஜன்னல் விளிம்பில். அந்த டேப்கூட. "என்னாச்சும்மா, தெரிஞ்சவங்க வீடா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அன்றைக்கு எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டை எழுது என்று நீங்கள் கேட்டபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? நாளெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்து, சுவரில் இருக்கிற குழியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு எழுதினேன். என் மனுஷனுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். நீங்கள் குறிபார்க்கத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். டிவிக்குக் கீழே வாண்டின் காதை வைத்தீர்களா, இல்லையா? ஆட்களுக்கு ஒன்றும் ஆகாது, கருவிகள்தான் நிற்கும் என்கிறீர்களே, அவள் காதில் இருப்பது ஆளா, கருவியா?

இரண்டு நாள் விடுப்புப் போட்டு வீட்டையே புரட்டிவிட்டேன். நீங்கள் அடிக்கிற வீடு இனி என் வீடு இல்லை. ஃப்ரிட்ஜை ■■■■■■■ ■■■■■■ ■■■■■■. மிக்சி ■■■■■■■ ■■■■. கடிகாரம் ■■■■ ■■■■■■■■■■. டிவி ■■■■■ ■■■■■■■ ■■■■■■■■ ■■■■ ■■■■■■.


சோதனைத் திடல்
செப்டம்பர் 6

அன்பே,

பத்திரிகையில் வந்த வரைக்கும் சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் கொஞ்சம் போனாலும் ஐயா கண்ணை மூடிக்கொள்வார் என்று ஒரு நம்பிக்கை. உன் கடிதத்தை என்னிடம் கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலில் அந்த வீட்டில் எல்லாவற்றையும் சுவரோரமாக, கடையில் அடுக்கின மாதிரி வரிசையாக வைத்திருந்தார்கள். யாரும் அப்படிக் குடித்தனம் நடத்துவதில்லை. கம்பி எப்படித் தொங்குகிறது, பொருள் எந்தக் கோணத்தில் நிற்கிறது, இதெல்லாம்தான் அலைக்கு உள்ளே நுழைகிற வாசல். சராசரி வீடு வேண்டும் என்றார்கள், நிஜ வீடு வேண்டும் என்றேன். எனக்குத் தெரிந்த நிஜ வீடு ஒன்றுதான். பார்த்தால் அதுவும் பாதிதான் தெரிந்திருந்தது, அதனால் உன்னைக் கேட்டேன். உன் கடிதம் வந்த பிறகு நானே உளியெடுத்துச் சுவரில் அந்தக் குழியைக்கூடப் போட்டேன். அதற்கு எந்த உத்தரவும் கிடையாது.

பிறகு மதியச் சாப்பாட்டை அங்கே கொண்டுபோய்ச் சாப்பிட ஆரம்பித்தேன். மற்றவர்கள் அதைச் சின்ன வீடு என்று கேலி செய்தார்கள். நீ ஏறக்குறைய அதையே கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. திரையை என் ஜன்னலிலிருந்து கழற்றி அங்கே மாட்டியதும் அப்போதுதான். அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டால் நீ தொட்டிப் பக்கம் நிற்கிற மாதிரி இருக்கும். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி, கதவைச் சாத்திவிட்டு வந்து, பொத்தானை அழுத்துவேன். இரண்டையும் ஒரே ஆள்தான் செய்கிறேன். அதை உனக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை, எனக்கே புரியவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். வைக்கவில்லை. டிவிக்குக் கீழே அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மறந்துவிடவில்லை. உள்ளே மூன்று பொம்மைகள் உட்கார்ந்திருக்கின்றன, துணிக்கடைப் பொம்மை மாதிரி, வயிற்றுக்குள் உப்புக் கூழ். ஓர் ஆண், ஒரு பெண், ஒரு குழந்தை. தோல் சூடாகிறதா என்று பார்ப்பதற்கு. சூடாகவில்லை. அதை வைத்துத்தான் ஆட்களுக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதுகிறோம். அந்த வரிக்குக் கீழேதான் என் கையெழுத்து.

காதை வைத்தால் அது நின்றுவிடும் என்று எனக்கு வைக்காமலே தெரியும். நின்றுவிட்டால் அந்த வரி நிற்காது. சோதனை முதலிலிருந்து தொடங்கும், நவம்பர் போய்விடும். வைக்காவிட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டு உங்களிடம் வந்துவிடுவேன். இங்கே யாரும் கேட்கப் போவதில்லை. நீ ஒருத்திதான் கேட்டாய். நான் பேராசைக்காரன் இல்லை, பதவிக்காக மறைக்கவில்லை. எனக்கு வீட்டுக்கு வர வேண்டும். அவளுடைய அந்தக் காதில் முதலில் நான் பேச வேண்டும். அவ்வளவுதான்.

என்ன செய்யட்டும், சொல்.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியில் பாதி கறுப்பாகத்தான் என் கைக்கு வந்தது. நம் சமையலறை இப்போது ராணுவ ரகசியமாம். முன்பெல்லாம் கண்ணை மூடினால் நம் வீட்டுக்குள் நடந்து போவேன், இடிக்காமல். இப்போது வாசலிலேயே நின்றுவிடுகிறேன். எது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.


வீடு
செப்டம்பர் 29

அன்புள்ளவருக்கு,

சொல் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். முதலில் ஒரு கடிதம் எழுதினேன். யாருக்கும் தெரியாது, கையெழுத்தைப் போட்டுவிட்டு வாருங்கள் என்று. உறையில் போட்டு ஒட்டிக்கூட விட்டேன். பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு வாரம் பஸ் ஓட்டினேன். என் வண்டியில் தினமும் ஒரு கணக்கு வாத்தியார் ஏறுவார். நெஞ்சுக்குள் பேட்டரி வைத்திருக்கிறார், அதனால் முன்னிருக்கை. "மெதுவா எடும்மா, உள்ளே கடிகாரம் ஓடுது" என்பார். தினமும் அதே வேடிக்கைதான், நானும் தினமும் சிரிப்பேன். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

எனக்கும் நீங்கள் வேண்டும். அதைச் சொல்லாமல் இதை எழுதினால் நான் பெரிய தியாகி மாதிரி ஆகிவிடும். துவைத்த துணியை மடிக்கும்போது உங்கள் சட்டை ஒன்று வர வேண்டும் என்பதற்காகவே சில நாள் உங்கள் சட்டையையும் நனைத்துப் போடுகிறேன். அவ்வளவு வேண்டும். ஆனால் அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்து வாண்டின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தீர்கள் என்றால், பேச வாய் வருமா உங்களுக்கு? எனக்கு உங்களைத் தெரியும். வராது.

இத்துடன் அவளுடைய பழைய காது இருக்கிறது, போன வருஷம் மாற்றியதற்கு முந்தையது. சார்ஜ் பெட்டியும் இருக்கிறது. எதற்கு என்று கேட்டாள். அப்பா அங்கே ஒரு வீடு கட்டியிருக்கிறார், அதில் இது ஒன்றுதான் குறைகிறது என்றேன். "அந்த வீட்லயும் நான் இருக்கேனா?" என்று கேட்டாள். நான் பார்சல் கட்டக் கயிறு தேடப் போய்விட்டேன். அவளே நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து அதன்மேல் ஒட்டிக் கொடுத்தாள்.

அறுவை சிகிச்சை அடுத்த மாதக் கடைசியில். கட்டு ஆறிய பிறகு நவம்பர் கடைசியில் இயக்குவார்கள். நான் இருக்கிறேன், கவலைப்படாதீர்கள்.

இப்படிக்கு,
ஓட்டுநரம்மா


சோதனைத் திடல்
அக்டோபர் 20

அன்பே,

ஐயா, இதில் ஆயுதம் எதுவும் இல்லை, கருவியும் இல்லை. ஒரு காதைப் பற்றித்தான் எழுதுகிறேன். குடும்ப விஷயம். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பார்சலைப் பிரித்து நட்சத்திரத்தைப் பார்த்ததும் அன்று என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. மறுநாள் சார்ஜ் ஏற்றினேன். பச்சை விளக்கு எரிந்தது. டிவிக்குக் கீழே வைக்கத்தான் போனேன். பிறகு, பகலில் அது அங்கே இருக்காதே, அவள் மாட்டிக்கொண்டிருப்பாளே என்று தோன்றியது. குழந்தைப் பொம்மைக்கு முன்னால் போய்க் குனிந்து அதன் காதில் மாட்டினேன். பழக்க தோஷம், மாட்டிவிட்டு "கேக்குதா கண்ணு" என்றும் கேட்டுவிட்டேன். கதவோரம் நின்ற உதவியாளர் வெளியே போய்விட்டார்.

பிறகு பொத்தானை அழுத்தினேன். நான்தான் அழுத்தினேன், வேறு யாரையும் விடவில்லை.

வாண்டின் பழைய காது இனிமேல் கேட்காது.

இயக்குநர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இது சராசரி வீடு இல்லையேப்பா, எத்தனை வீட்ல இப்படி ஒரு குழந்தை இருக்கும்?" என்றார். எனக்கு எண்ணிக்கை தெரியாது, என் வீட்டில் இருக்கிறது என்றேன். அவர் மேசைமேல் இருந்த நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆட்களுக்கு ஒன்றும் ஆகாது என்கிற வரி எடுக்கப்பட்டுவிட்டது. உடம்போடு ஒட்டியிருக்கிற எல்லாவற்றையும் வைத்துப் புதிதாகச் சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன், ஒப்புக்கொண்டார்கள். எழுதிக் கொடுத்தவனே இருந்து முடிக்க வேண்டுமாம். மார்ச் வரை. ஆயுதம் நிற்கவில்லை, அப்படி நீ நினைத்துக்கொள்ள வேண்டாம். பொய் ஒன்றுதான் நின்றிருக்கிறது.

நவம்பரில் நான் இல்லை. இதை நீயே அவளிடம் சொல்லிவிடு, எனக்குத் தைரியம் இல்லை. முதல் குரல் உன்னுடையதாக இருக்கட்டும். இரண்டு காதுக்கும் நீதான் என்றால் எனக்குப் பொறாமைதான், ஆனால் வேறு யாராக இருந்தாலும் தாங்காது.

படகுத் திரையைக் கழற்றி என் ஜன்னலிலேயே மாட்டிக்கொண்டேன். மதியச் சாப்பாடு இப்போது எல்லோரோடும் கூடத்தில்தான்.

இப்படிக்கு,
திரையுள்ளவன்


வீடு
நவம்பர் 28

அன்புள்ளவருக்கு,

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று தந்தி மாதிரி இரண்டு வரி போட்டேனே, கிடைத்ததா? நேற்று இயக்கினார்கள். ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

சின்ன அறை. கணினி, இரண்டு நாற்காலி, ஒரு மரக் குதிரை. பழைய பக்கத்துக் காதைக் கழற்றச் சொன்னார்கள், புதியதன் வேலை தனியாகத் தெரிய வேண்டுமாம். காது டாக்டரம்மா முதலில் பீப் பீப் என்று ஏதேதோ அனுப்பினார். வாண்டு ஒவ்வொன்றுக்கும் விரலைத் தூக்கினாள். பிறகு டாக்டரம்மா என்னைப் பார்த்து, பேசுங்கள் என்று தலையசைத்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், படித்துக்காட்ட உங்கள் கடிதத்தையே கையில் வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. அத்தனை பயணிகளை அதட்டி உள்ளே தள்ளுகிறவள், ஒரு வார்த்தை வராமல் நின்றேன். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஒரு ஊழியர் வந்து, "மேடம், அடுத்த பேஷன்ட் வந்தாச்சு" என்றார்.

அதுதான் முதல் குரல். நீங்களும் இல்லை, நானும் இல்லை, அடுத்த பேஷன்ட்.

வாண்டு முகத்தைச் சுளித்தாள். "அம்மா, அவரு ஏன் வாத்து மாதிரி பேசறாரு?" என்றாள். நான் பேசினேன், நானும் வாத்துதான். டாக்டரம்மாவும் வாத்து. எனக்குப் பயமாகிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே, ஆரம்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான், அந்தக் காது இப்போது சத்தத்தைத்தான் கேட்கிறது, குரல் குரலாகக் கேட்கச் சில மாதங்கள் பிடிக்கும் என்றார். பிறகுதான் இரண்டு காதும் சேர்ந்து திசையைப் பிடிக்குமாம். எந்த மாதம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. நான் மார்ச் வருமா என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. வந்தாலும் வரும் என்றார்.

அதனால் நீங்கள் எதையும் தவறவிடவில்லை. வந்திருந்தால் நீங்களும் வாத்தாகத்தான் ஆகியிருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் புதுக் காதை மட்டும் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சாமானாகப் போய் நின்றாள். திடீரென்று அசையாமல் நின்று, "இது யாரும்மா பாடறது?" என்றாள். ஃப்ரிட்ஜ். நம் ஃப்ரிட்ஜ்தான். அதன் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். எனக்கு உங்கள் மாதிரி வீட்டு ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்தது. அதன்மேல் இத்தனை நாள் எனக்கு இருந்த கோபம் அப்போதுதான் போனது.

இப்போது இரண்டு காதையும் மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, ஃப்ரிட்ஜ் எங்கே இருக்கிறது என்று கை காட்டுகிற விளையாட்டு. எல்லாம் தப்பாகத்தான் காட்டுகிறாள். குளியலறையைக் காட்டுகிறாள், வாசலைக் காட்டுகிறாள். ஆனால் பம்பரமாகச் சுற்றுவதில்லை. நின்று, தலையைச் சாய்த்து, யோசித்துக் காட்டுகிறாள்.

அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு எழுத மாட்டேன். எழுதினாலும் ஐயா அடித்துவிடுவார். (ஐயா, போன கடிதத்தில் ஒரு எழுத்தைக்கூட நீங்கள் தொடவில்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.) எதையும் பழைய இடத்துக்கு மாற்றி வைக்கப் போவதும் இல்லை. நீங்கள் வந்து இடித்துக்கொண்டுதான் பழக வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். மார்ச்சில் வரும்போது மணியடிக்காதீர்கள், கதவைத் திறந்தே வைத்திருப்பேன். அவள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பாள். வழக்கம் போல முன்னால் போய்க் குனிந்துவிடாதீர்கள். பின்னாலேயே நின்று கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஓட்டுநரம்மா